கடை வாசலில் கழற்றிய செருப்பு

போன வருஷம் என் கடைசி மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பொண்ணு கேகாலை டவுன். பூசை மட்டும் தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் தோட்டத்து மாதா கோவிலில்.

ரப்பர் மலையில் பாதி நாள் வெறுங்காலோடும் மீதி நாள் பாட்டாச் செருப்போடும் காலம் தள்ளியவள் நான். அன்றைக்காவது வார் வைத்த நல்ல செருப்புப் போட்டுக்கொண்டு சம்பந்தியம்மா பக்கத்தில் நிற்க வேணும் என்று ஒரு ஆசை. அவிசாவளையில் ஒரு பெரிய செருப்புக் கடைக்குப் போனேன். தரை கண்ணாடி மாதிரி இருந்தது. என் பழைய செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். விற்கிற பிள்ளை, "இருங்கம்மா, காலை நீட்டுங்கம்மா" என்று தன் கையாலேயே மாட்டிவிட்டது. மனசு குளிர்ந்துவிட்டது.

காலுக்குப் பழகட்டும் என்று எங்கள் லயத்து வீட்டு வரிசை வாசலில் போட்டு நடந்தேன். கடைசி வீடு வரைக்கும் கூடப் போகவில்லை, வலது கால் வார் பிய்ந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் கடைக்குக் கொண்டு போனேன். அன்றைக்கும் என் பழைய செருப்பை வாசலில் விட்டேன். அதே பிள்ளை என் முகத்தைப் பார்க்காமலே, "போட்டு நடந்ததை மாத்த ஏலாதும்மா" என்றது.

"நடக்காம வேற என்னத்துக்கும்மா செருப்பு வாங்குறாங்க?" என்றேன்.

சாமான் வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவில் இருந்த முதலாளி சிரிக்கவில்லை. என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "தோட்டத்து ஆச்சி. செருப்புப் போட்டுப் பழக்கமில்ல, இழுத்துப் பிச்சிருக்கும்" என்று அந்தப் பிள்ளையிடம் சிங்களத்தில் சொன்னார். எனக்குச் சிங்களம் நல்லாத் தெரியும். முகமெல்லாம் எரிந்தது. மரியாதைக்குக் கழற்றினதைச் செருப்பே இல்லாத குறை என்று நினைத்துவிட்டாரே.

வெளியே போனேன். என் பழைய செருப்பைச் சேறோடு மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே வந்து, போட்டுப் பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் பேசின சிங்களத்திலேயே சொன்னேன்: "மாத்தித் தர வேணாம் முதலாளி. உங்க தரை அழுக்காகுமேன்னுதான் வாசல்ல கழட்டினேன். அதை மட்டும் தெரிஞ்சுக்குங்க."

அவர் மாற்றித் தரவில்லை. பிய்ந்த செருப்போடு பஸ் ஏறினேன். பஸ்ஸில் கொஞ்சம் அழுதேன், வீட்டில் சொல்லவில்லை.

மறுநாள் பழைய செருப்போடுதான் கோவிலுக்குப் போனேன். வாசலில் எல்லாரும் கழற்றினார்கள். சம்பந்தியம்மா தன் மினுங்குகிற செருப்பை என் செருப்புக்குப் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு, "வாங்க சம்பந்தி" என்று என் கையைப் பிடித்தார். ரெண்டு பேரும் வெறுங்காலோடுதான் பீடத்தடிக்கு நடந்தோம்.

எனக்குப் பேரெழுத மட்டும்தான் வரும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறது சம்பந்தியம்மாவின் மகள், என் மருமகள். "வேற செருப்பு வாங்கித் தாறேன் மாமி" என்கிறாள். வாங்கட்டும். ஆனால் இனி எந்தக் கடை வாசலிலும் நான் செருப்பைக் கழற்ற மாட்டேன். எந்த இடத்தில் கழற்ற வேணும் என்று அந்த ரெண்டு நாளில் எனக்கு நல்லாப் புரிந்துவிட்டது.