உதட்டின் மேல் வைத்த விரல்

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். ஆவடிப் பக்கம் பட்டாளத்து லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும். திருமுல்லைவாயில் அருகே ஒரு சின்னத் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கெட்டிக்காரி என்ற நினைப்பு மட்டும் நிறைய இருந்தது.

என் வகுப்பில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. காது கேட்காது, பேச்சும் வராது. வயல் வேலைக்குப் போகிற அம்மா தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். அப்போதெல்லாம் பாடம் என்றால் நான் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து கத்துவதுதான். கடைசி வரிசையிலிருந்து அவளும் என் வாயைப் பார்த்து வாயசைப்பாள். பாவம், பொழுது போகட்டும் என்று விட்டிருந்தேன். வருகைப் பதிவேட்டில் அவள் பெயரைக்கூட எழுதவில்லை.

பள்ளியைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வரும் நாளில் சரியாகப் பதில் சொல்லாத பிள்ளைகளை வர வேண்டாம் என்று சொல்லிவிடுவது எங்கள் பள்ளி வழக்கம். இவள் வீட்டில் சொல்ல நான் மறந்துவிட்டேன். தலை நிறைய எண்ணெய், துவைத்த பாவாடை என்று வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகைகள் வைக்கும் சின்ன அறையில் அவளை உட்காரவைத்து, உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவளும் சிரித்துக்கொண்டே விரலை வைத்தாள். வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். இன்ஸ்பெக்டர் பாராட்டி எழுதிவிட்டுப் போனார். அந்தச் சந்தோஷத்தில் மதியமே பள்ளியை விட்டுவிட்டார்கள். நானும் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

சாயங்காலம் அவளுடைய அம்மா மூச்சிரைக்க வந்து நின்றாள். முழங்கால் வரை சேறு.

"டீச்சரம்மா, கொயந்த ஊட்டுக்கு வரல. ஏரியச் சுத்திப் பாத்துகினு வரேன். கூப்ட்டாலும் அதுக்குக் கேக்காதேம்மா."

தாழ்ப்பாள் போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. செருப்புகூடப் போடாமல் பள்ளிக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள்.

அறையைத் திறந்தேன். காலையில் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது, கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று விரலை எடுத்து உதட்டின் மேல் வைத்துக்கொண்டாள். நான் சொன்னதைச் சரியாகச் செய்திருக்கிறாளாம்.

அழுதுகொண்டே அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இனிமேல் அனுப்பமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்று நாள் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். மூன்றாம் நாள்தான் அவள் அம்மா வாய் திறந்தாள்.

"காலைல எல்லார் பேரும் கூப்புடுறீங்கோ. எம்பொண்ணு பேரக் கூப்புடுவீங்களா? அதுக்குக் கேக்காட்டி போவுது. மத்தவங்களுக்குக் கேக்கட்டும்."

மறுநாள் பதிவேட்டில் எழுதி, அவள் முகத்துக்கு நேராக நின்று பெயரைக் கூப்பிட்டேன். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கையை உயரத் தூக்கினாள். அதற்குப் பிறகு கோரஸ் குறைந்தது, கரும்பலகையில் எழுதுவது கூடியது. அதனால் தேறியவர்களில் காது கேட்கிற பிள்ளைகளும் உண்டு.

அடுத்த ஆண்டு இன்ஸ்பெக்டர் வந்தபோது அவளை முதல் வரிசையில் உட்காரவைத்தேன். அவர் ஏதோ கேட்க, இவளுக்கு எழுதிக் காட்ட வேண்டும் ஐயா என்றேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, சாக்பீஸை எடுத்து ஒரு கூட்டல் கணக்குப் போட்டார். அவள் தப்பாக விடை எழுதினாள். தப்பு என்று தலையை ஆட்டி, மற்றப் பிள்ளைகளுக்குத் திருத்தியதுபோலவே திருத்திவிட்டு நகர்ந்தார். எனக்கு வெட்கமாகவே இல்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் பாடம் நடத்தினேன். ஆனால் இரைச்சலை அடக்க உதட்டுக்கு விரலைக் கொண்டுபோன ஒவ்வொரு முறையும், என்னை நம்பி அந்த அறையில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகம் தெரிந்து, என் கை தானாகவே கீழே இறங்கிவிடும்.