யோசனைப் பெட்டியில் விழாத சீட்டு

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் செயலாளராக இருந்த காலத்தில் எனக்கு எரிச்சலூட்டிய ஒரே வாக்கியம், "நீங்களே பாத்து செய்ங்க சார், எங்களுக்கு இன்னா தெரியும்" என்பதுதான். பிள்ளைப்பாக்கம் பக்கம் புதிதாக முளைத்த மனைப்பிரிவு. பாதிப் பேர் சொந்த வீட்டுக்காரர்கள், மீதிப் பேர் ஒரகடம் பக்கக் கம்பெனிகளுக்குப் போகும் வாடகைக்காரர்கள். கூட்டத்துக்கு வருவார்கள், தலையாட்டுவார்கள், டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

நானும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கே சுவரில் யோசனைப் பெட்டி மாட்டியிருப்போம். அதே மாதிரி ஒன்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டி, சீட்டும் அச்சடித்துக் கொடுத்தேன்: பெயர், வீட்டு எண், இப்போதைய நிலை, உங்கள் யோசனை. ஒரு மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே ஒரு பல்லி மட்டும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். திருநெல்வேலிப் பக்கம், செல்போன் கம்பெனியில் வேலை. இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தாள்.

"எங்க கம்பெனில யோசனை எழுதுனா, அப்ப நீயே செஞ்சு முடின்னு எழுதுனவ தலையிலயே கட்டிருவாவ சார். அதான் இங்கயும் பயப்படுதாவ."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான், எங்கள் கம்பெனியிலும் அதே வழக்கம். சரி, நீ எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பாய் என்று கேட்டேன்.

"தண்ணி ஆறுலருந்து ஏழு வரைக்குந்தான் விடுதீய. நைட் ஷிப்ட் முடிஞ்சு பஸ் எங்கள எறக்கிவிட ஏழரை ஆயிரும். நைட் ஷிப்ட் வர்ற வாரம் பூரா நாலு பேரும் குளிக்காமத்தான் படுக்கோம். ஏழரைக்கு இன்னொருக்கா தொறந்துவிட்டா போதும்."

சொந்த வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் தரைத்தொட்டி இருந்தது. அதனால் இப்படி ஒரு கஷ்டம் இருப்பதே எங்களுக்குத் தோன்றவில்லை. பாவமாக இருந்தது. ஆனால் பழக்கதோஷம், என் வாயில் வந்தது வேறு.

"சரிம்மா, அப்போ வால்வு சாவிய வாங்கிக்கினு நீயே வந்து தொறந்துக்கோ."

அவள் கோபப்படவில்லை. "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் ஏழரைக்கு நானே போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே செய்திருப்பேனே என்று, கூட்டத்துக்கு வந்திருந்த என் மனைவியிடம் வீராப்பாகச் சொன்னேன்.

"சொன்னப்ப இன்னா பண்ணீங்க?" என்றாள்.