அறுபது பேரும் அந்நியர்

‘பின்னணிக் கூட்ட மேற்பார்வையாளர் தேவை. உரத்த குரலும் கம்பீரத் தோற்றமும் பெருநகர வாழ்வில் பழுத்த அனுபவமும் உடையவராக இருத்தல் வேண்டும். கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் அதிகாரத் தோரணை அவசியம். நாற்பது வயதைக் கடந்தவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்.’

படக் கம்பெனி இப்படித்தான் விளம்பரம் செய்தது. வேலைக்கு வந்து சேர்ந்தவருக்கு வயது நாற்பத்தாறு. கூட்டத்தில் நின்றால் தெரியாத உயரம். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவரே “என்ன?” என்று இரண்டு முறை கேட்பார். பிறந்து வளர்ந்தது ஒரே ஒரு கடைத்தெரு உள்ள சிற்றூர். அதற்கு முன் பார்த்தது பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. ஆனால் நேர்முகத்துக்கு வந்த ஒன்பது பேர் அதிகாரத் தோரணையோடு கதவை முட்டிக்கொண்டு நின்றபோது, அவர்களை வரிசையாக நாற்காலியில் உட்கார வைத்தது அவர்தான். டைரக்டர் கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எட்டு வருடமாக, சினிமாக்காரர்களுக்கு அவர் கூட்டத்து அக்கா, சுருக்கமாகக் கூட்டத்தக்கா.

டைரக்டர் எடுப்பதெல்லாம் சிரிப்பும் காதலுமான படங்கள். எல்லாமே மாநகரத்தில் நடக்கும். காதலுக்கு மாநகரத்தின் வேகம் வேண்டும், வெளிச்சம் வேண்டும் என்று அவர் பேட்டி கொடுப்பார். கூட்டத்தக்காவுக்கு வேறு அபிப்பிராயம்.

“வெளிச்சமெல்லாம் இல்ல சார். அங்க யாரும் யாரையும் பாக்க மாட்டாங்க. அதான் விஷயம். பையனும் பொண்ணும் மோதிக்கிறாங்க, பேர்கூடக் கேக்காம பிரிஞ்சிடறாங்க, அப்புறம் ரெண்டு மணி நேரம் தேடறாங்க. எங்க ஊர்ல மோதினா, மோதின சத்தம் அடங்கறதுக்குள்ள பொண்ணோட அத்தைக்குத் தகவல் போயிடும். பத்தாவது நிமிஷம் படம் முடிஞ்சிடும். மீதிக்கு என்ன காட்டுவீங்க?”

இவ்வளவு தெளிவாகப் பேசத் தெரிந்தவர்தான், மாநகரத்தில் எந்தத் தெருவையும் அடைக்க அனுமதி கிடைக்கவில்லை என்று டைரக்டர் தலையில் கை வைத்தபோது, “எங்க ஊர் கடைத்தெரு இருக்கே சார்” என்று வாயைக் கொடுத்தார். நாலு மாடிக் கட்டடம் மூன்று இருந்தது. மீதியை ஆர்ட் டைரக்டர் பலகையிலும் பெயின்டிலும் எழுப்பிவிட்டார். ஒரு போக்குவரத்து விளக்குகூட நட்டாகிவிட்டது. ஊரே வந்து அது பச்சையாவதையும் சிவப்பாவதையும் பார்த்துவிட்டுப் போனது.

தெருவை அடைக்க ஊராட்சி கொடுத்தது ஒரே நாள், அதுவும் மாலை மூன்று மணி வரை. அன்று சாயங்காலம் கதாநாயகன் வெளிநாடு கிளம்புகிறான், இரண்டு மாதம் வரமாட்டான். டைரக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்: “மூணு மணிக்குள்ள இந்த சீன் முடியணும். முடியலைன்னா, அடுத்த படத்துக்கு வேற யாராவது கூட்டம் பாத்துக்கட்டும்க்கா.” டைரக்டர் மரியாதையாகத்தான் சொன்னார். அதனால்தான் அக்கா உடனே கடிகாரத்தைப் பார்த்தார்.

காட்சி சுலபம். கட்டட வரைபடச் சுருள்களோடு கதாநாயகி வேகமாக வருகிறாள். கதாநாயகன் மோதுகிறான். தாள்கள் சிதறுகின்றன. சுற்றி அறுபது பேர் எதையும் கவனிக்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது விநாடி. ஊரிலிருந்தே அறுபது பேரைப் பொறுக்கி, கோட்டும் கைப்பையும் கொடுத்து நிறுத்தியிருந்தார் அக்கா.

“ஆக்‌ஷன்” என்றதும் பேக்கரிக்காரர் எதிரே வந்த டீச்சரிடம் “சாப்பிட்டாச்சா?” என்றார். டீச்சர் நின்று பதில் சொன்னார். கதாநாயகி மோதினாள். தாள் பறந்தது. முப்பதடி தள்ளி நடந்துகொண்டிருந்த டெய்லர் கைப்பையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கதாநாயகனைத் தோளால் ஒதுக்கிவிட்டு, தாள்களைப் பொறுக்கிக் கொடுத்தார்.

“அடி படலையேம்மா? நீ எந்த வீட்டுப் பொண்ணு? முகம் நம்ம போஸ்ட்மேன் சாயல்ல இருக்கே?”

“கட்!”

இரண்டாவது முறை டெய்லரைத் தெருக்கோடிக்கு அனுப்பினார்கள். இந்த முறை பதினொரு பேர் தாள் பொறுக்கினார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார்.

“பாக்காதீங்கன்னு சொன்னேனே!” என்றார் அக்கா.

“பாக்கலம்மா, பொறுக்கத்தான் பொறுக்கினோம்” என்றார்கள்.

டைரக்டர் மானிட்டரில் மறுபடி ஓட்டிப் பார்த்தார். திடீரென்று விரலை வைத்தார். “இந்த ரெண்டு பேர் யாரு? உரசற மாதிரி போறாங்க, கண்ணு அசையல! இவங்க மாநகரத்து ஆளுங்களா?”

அக்கா எட்டிப் பார்த்தார். இரும்புக்கடைக்காரரும் கடிகாரம் ரிப்பேர் செய்பவரும். “சொந்த அண்ணன் தம்பி சார். நடுச்சுவர் தகராறு. ஏழு வருஷமா பேச்சு வார்த்தை கிடையாது.”

சொல்லி முடிக்கும்போதே அக்காவுக்குப் பொறி தட்டியது. மாநகரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நடப்பதற்குக் காரணமே வேண்டாம். இந்த ஊரில் அதற்கு ஒரு சண்டையாவது போட்டிருக்க வேண்டும். நல்லவேளை, ஊர் அதில் குறை வைக்கவில்லை.

தபால் அலுவலகத்துக்கு ஓடினார். கவுன்ட்டரில் இருப்பது அவருடைய அண்ணி.

“அண்ணி, ஊர்ல யாருக்கு யாரோட ஆகாது?”

அண்ணி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். முப்பது வருடமாக இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தது. “உக்காரு நாத்தனாரே. இந்த வருஷத்துது மட்டும் போதுமா, பழசும் வேணுமா?”

“எல்லாம் வேணும். சீக்கிரம்.”

பேக்கரிக்காரர், மாடி வீட்டுக்காரர்: தண்ணீர் சொட்டியது. பெரிய டீச்சர், சின்ன டீச்சர்: தலைமையாசிரியர் பதவி. மருந்துக்கடை, சலூன்: இரவல் போன ஏணி ஒரு படி குறைந்து திரும்பி வந்தது. இரண்டு சம்பந்தி குடும்பங்கள்: கல்யாண போட்டோவில் ஒரு தரப்பின் தலைகள் வெட்டுப்பட்டிருந்தன. அண்ணி மூச்சு விடாமல் சொல்ல, அக்கா மணியார்டர் பாரத்தின் பின்பக்கம் எழுதினார். நடுவில் வந்து நின்ற ஒருவரிடம் அண்ணி, “கொஞ்சம் இரு, உன் பேரும் வருது” என்றார்.

தெருவுக்குத் திரும்பி அக்கா ஆட்களை மாற்றி நிறுத்தினார். ஆகாதவர்கள் எதிரெதிரே, ஆனவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்தில். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கள் சண்டைக்கு இப்படியொரு மரியாதை கிடைத்ததில் பலருக்கு முதுகு நிமிர்ந்தது. டெய்லர் மட்டும் தனியாக நின்றார்.

“எனக்கு யாரும்மா எதிரி?”

“உங்களுக்கு யாருமே இல்லண்ணே. நீங்க ஓரமா உக்காருங்க.”

“ஒருத்தர்கூடவா இல்ல?” டெய்லருக்கு முகம் தொங்கிவிட்டது. நேரே சலூன்காரரிடம் போய், “உன் கத்திரி மொக்கை!” என்றார். சலூன்காரர் விழுந்து விழுந்து சிரித்து, அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். டெய்லர் போய் ஓரமாக உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை தெரு அசல் மாநகரமாக இருந்தது. எல்லா முகமும் கல். ஆனால் கதாநாயகன் வசனத்தை மறந்தான். நான்காவது முறை தாள் பறக்கவில்லை. ஐந்தாவது முறை, ஜோடிகள் பாதித் தெருவில் நெருங்கியபோது மேகம் வந்தது. வெயிலுக்காக எல்லாரும் நின்ற இடத்திலேயே காத்திருந்தார்கள். மணி இரண்டரை.

அங்கேதான் வினை. பேச்சு வார்த்தை இல்லாதவர்கள் இதுவரை இவ்வளவு நேரம் பக்கத்தில் நின்றதில்லை. இரும்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

“அந்தக் கோட்டு உனக்கு லூசா இருக்குடா.”

“இளைச்சிட்டேண்ணே. சுகர்.”

“எப்போலேர்ந்து?”

“மூணு வருஷம்.”

“எனக்கும்தான்டா. நீ என்ன மாத்திரை போடறே?”

அண்ணி ஓடிவந்து அக்காவின் காதைக் கடித்தார். “கெட்டுது போ! சுவரை ஞாபகப்படுத்து. ஒரு வார்த்தை போதும், பத்திக்கும்.”

அக்கா அவர்கள் பக்கம் நான்கு அடி வைத்தார். கேமராவுக்கு மிக அருகில் போகிற ஜோடி அது. அவர்களை வைத்துத்தான் டைரக்டர் ஃபிரேமே அமைத்திருந்தார். மணி இரண்டு நாற்பது. ஒரு வார்த்தைதான். அண்ணன் அதற்குள் தம்பியின் சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

“நீங்க ரெண்டு பேரும் போய் டீ குடிங்க” என்றார் அக்கா.

டைரக்டர் அலறினார். “அவங்க இடத்துல யாரு நடக்கிறது?”

“ஒருத்தி நான்.”

“உங்களுக்கு எதிரி?”

அக்கா தெரு ஓரத்தைப் பார்த்தார். மூன்று மணி நேரமாக ஒதுக்கி உட்கார வைக்கப்பட்ட டெய்லர், கைகளைக் கட்டிக்கொண்டு அவரையே முறைத்துக்கொண்டிருந்தார். “அண்ணே, வர்றீங்களா?” என்று அக்கா கேட்டார். டெய்லர் எழுந்தார், விறுவிறுவென்று வந்தார், மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு எதிர்முனையில் நின்றார்.

வெயில் வந்தது. “ஆக்‌ஷன்.”

அக்கா நடந்தார். மோதும் சத்தம் பின்னால் கேட்டது. ஒரு தாள் அவர் காலடியிலேயே வந்து விழுந்தது. பொறுக்கத் துடித்த கையைக் கைப்பைக்குள் விட்டுக்கொண்டு அதைத் தாண்டினார். டெய்லர் எதிரே வந்தார், உரசுகிற தூரத்தில் கடந்தார், கண்ணிமைகூட அசையவில்லை. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த முதல் பகை. அதை அவர் முழுசாக அனுபவித்தார்.

“கட்! ஓகே!”

டைரக்டர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். அடுத்த படத்துக்குத் தேதி சொன்னார். டெய்லரின் கோபம் டீ வருவதற்குள் தீர்ந்துபோனது. அண்ணன் தம்பி இருவரும் படத்தில் எங்குமே இல்லை. அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும், மாநகரத்தின் தனிமையை அந்தத் தெருக்காட்சி அப்படியே பிடித்திருப்பதாக எழுதினார்கள்.

ஒருவரை ஒருவர் நாற்பது வருடமாகத் தெரிந்த அறுபது பேரை, மூன்று மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது, நாற்பது விநாடி ஒருவரை ஒருவர் பார்க்காமல் தெருவைக் கடக்க வைத்தார் கூட்டத்தக்கா.