யாருக்கும் பிடிக்காத கேசட்

சென்ற தை மாதம், கொல்லிமலையில் அரியூர் நாடு என்கிற ஊர்ப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. என் மனைவி அப்போது இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தாள். நான் சேலத்தில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். திருமணமான சில வருடங்களிலேயே அவளுக்கு மலைக்கு மாற்றல் வந்துவிட்டது. அன்றிலிருந்து என் ஓய்வு வரை, வார விடுமுறைக்கு முந்தின நாள் முள்ளுக்குறிச்சி வழியாக பஸ்ஸில் வருவேன். ஒரு முழுநாள் தங்கிவிட்டு இறங்கிவிடுவேன். சேர்ந்தாற்போல் ஒரு வாரம் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கியதே இப்போதுதான்.

எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் பாட்டு. கல்யாணத்துக்கு முன் அவளிடம் ஒரு பெட்டி கேசட் இருந்தது, என்னிடம் ஒரு பெட்டி. இரண்டையும் கொட்டி ஒன்றாக அடுக்கினோம். பிறகு வாங்கியவையும் அதிலேயே சேர்ந்தன. மலை ஈரத்தில் நாடா பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் அலமாரிக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்பு எரியும். போன மழைக்காலத்தில் அது அணைந்துபோனதை இருவருமே கவனிக்கவில்லை. தையில் கதவைத் திறந்தபோது நாடாக்களின் ஓரமெல்லாம் வெள்ளை படர்ந்திருந்தது. எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்து, தேறுவதை மட்டும் துடைத்து வைப்பது என்று உட்கார்ந்தோம்.

அதே வாரம் வேறொரு விஷயத்துக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருந்தது. வைகாசியில் மனைவிக்கும் ஓய்வு. அதன் பிறகும் இருப்போமா, காலி செய்வோமா என்று வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தத்தில் ஒருவர் வீட்டைக் கேட்கிறாராம். இங்கேயே இருந்துவிடலாம் என்று நாங்கள் பேசி முடித்திருந்தோம். அதை அவரிடம் சொல்வதுதான் பாக்கி.

முதல் நாள் பேசியே தீர்ப்புச் சொன்னோம். அது சரிவரவில்லை. நான் நன்றாக இருக்கிறது என்றால் அவளும் அதையே சொன்னாள்; அவள் உதட்டைப் பிதுக்கினால் நானும் தலையாட்டினேன். ஒரே செய்திக்கு இரண்டு பேர் தலைப்பு எழுதினால் ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலகப் பழக்கம். வாசலில் வீட்டுக்காரம்மா மிளகு காயப் போட்டிருந்தார். அதில் கொஞ்சம் அள்ளி வந்தேன். ஒரு பாட்டு கேட்டதும் ஆளுக்கொரு கையை மூட வேண்டும். சேர்ந்து திறக்க வேண்டும். உள்ளே மிளகு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், வெறுங்கை என்றால் வேண்டாம். இரண்டு மிளகு வந்தால் அலமாரி. இரண்டும் வெறுங்கை என்றால் சாக்கு. ஒரே ஒரு மிளகு வந்தால் ‘தகராறு’ என்று ஓர் அட்டைப்பெட்டி. அதில் விழுவதை அடுத்த மிளகு அறுவடையின்போது திரும்பக் கேட்டு முடிவு செய்யலாம்.

வேலை வேகமாக நடந்தது. ஒரு காலத்தில் உருகிக் கேட்ட சோகப் பாட்டுத் தொகுப்பு ஒன்று, இப்போது சளி பிடித்தவர் அழுவதுபோல் இருந்தது. “இவருக்கும் சுருதிப் பெட்டிக்கும் என்னங்க வாய்க்கா வரப்புத் தகராறா?” என்றாள். இரண்டு வெறுங்கை. அவளுடைய பழைய நாதஸ்வரக் கேசட்டுக்கு இரண்டு மிளகு.

அடுத்து வந்தது அட்டை இல்லாத கேசட். லேபிளில் ஏ, பி என்பதைத் தவிர எழுத்தே கிடையாது. எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில், ஆர்மோனியத்தோடு ஓர் ஆண் மூக்கால் இழுத்து இழுத்துப் பாடுவார். ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் இதைத்தான் போடுவோம். இதற்கு எதற்குப் பரீட்சை என்றேன். “சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானுங்க” என்றாள்.

அவள் எப்படியும் மிளகு வைப்பாள், நான் வைக்காவிட்டால் ஒரு வருடமாவது பாட்டு தகராறுப் பெட்டியில் கிடக்கும் என்று கணக்குப் போட்டு, வெறுங்கையை மூடினேன். திறந்தோம். அவள் கையிலும் மிளகு இல்லை.

“உங்களுக்குப் புடிக்கும்னுதானுங்க நான் வருசா வருசம் போட்டேன்!”

“உன் கேசட்டுதானே இது?”

“என்னுதா? சேலத்துலருந்து நீங்க கொண்டாந்ததுங்க.”

அலமாரியில் புதிதாக எது முளைத்தாலும் அது நான் கீழேயிருந்து கொண்டுவந்தது என்பது அவள் எண்ணம். நான் இல்லாத நாட்களில் அவள் வாங்கியது என்பது என் எண்ணம். பத்திரிகைக்காரருக்கு இப்படியெல்லாம் ரசனை இருக்கும் போல என்று அவள் நினைத்திருக்கிறாள். நர்ஸ் விடுதியில் வெளிமாநிலத் தோழி யாராவது பழக்கிவிட்டிருப்பாள் என்று நான். எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் விழித்துப் பார்த்தோம்.

அந்த நேரம் மிளகைப் புரட்டிவிட வந்த வீட்டுக்காரம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சார், கல்யாண நாளு இன்னைக்கா? மாசந் தப்பி வருதே!”

விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது எங்கூட்டுக்காரரு வாசலூர்பட்டி படகுத்தொறையில கெடந்துச்சுன்னு எடுத்தாந்ததுங்க. டூர் வந்தவங்க யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க. எங்கூட்ல பாட்டுப்பெட்டி ஏது? நர்ஸம்மா டூட்டிக்குப் போயிருந்தாங்க, இந்த ஜன்னல்ல வெச்சுட்டுப் போனேன். புடிக்காமயாங்க இத்தன வருசம் போட்டீங்க? நல்ல கூத்துங்க போங்க! எனக்கு அந்தப் பாட்டுன்னா உசுரு. நீங்க போட்டா ஏணிய வுட்டு எறங்கி நின்னு கேட்டுட்டுத்தான் மறுபடி மொளகுக் கொடிக்குப் போவேன்.”

நானும் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. நாடா ஓடி முடிந்து பெட்டி ‘டக்’கென்று நின்றது.

“அப்ப இந்த மலையும் இப்படித்தானுங்களா?” என்றாள்.

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. இங்கேயே இருந்துவிடலாம் என்று முதலில் சொன்னது நான்தான். இத்தனை வருடம் இங்கேயே வாழ்ந்தவள், கீழே வரச் சம்மதிக்க மாட்டாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் சரி என்றாள். ஏன் சொன்னாள் என்று நான் கேட்கவே இல்லை.

அவள் ஒரு மிளகை எடுத்து என் முன்னால் வைத்தாள். தனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டாள். மிளகு என்றால் இருப்பது, வெறுங்கை என்றால் போவது. வீட்டுக்காரம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். எனக்கு என்ன வேண்டும் என்று யோசித்தால் அவளுக்கு என்ன வேண்டும் என்றுதான் மனம் ஓடியது. மிளகை விட்டேன். குனிந்து மறுபடி எடுத்தேன். கடைசியில் அது கையிலேயே இருக்கட்டும் என்று மூடினேன்.

திறந்தோம். என் கையில் மிளகு. அவள் கை வெறுமையாக இருந்தது.

வாரம் ஒரு நாள் வந்து போனவனுக்கு மலை வேண்டியிருந்தது. பனியிலும் மழையிலும் டூட்டிக்கு நடந்தவளுக்குப் போதும் போதும் என்றிருந்திருக்கிறது. இதை ஒரு செய்தியாக என்னிடம் கொடுத்திருந்தால் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

“ஒரு மொளகுதானுங்க இருக்குது. அப்ப இருக்கீங்களா, இல்லீங்களா?” என்றார் வீட்டுக்காரம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: “தகராறுங்கக்கா. அடுத்த மொளகு வரைக்கும் இருந்து பாக்கறோம். அப்பறம் சொல்றோம்.”

அவ்வளவுதான் நடந்தது. வைகாசியில் அவள் ஓய்வு பெற்ற பிறகும் இங்கேதான் இருக்கிறோம். வீட்டுக்காரம்மாவிடம் பாட்டுப்பெட்டி இல்லாததால் அந்தக் கேசட் எங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. அவர் மிளகுக் கொடிப் பக்கம் வரும்போது ஜன்னலைத் திறந்துவைத்துப் போடுகிறோம். நாங்கள் இருவரும் பின்கட்டுக்குப் போய்விடுகிறோம். மனைவி அன்று ‘இருந்து பாக்கறோம்’ என்றது, விதி அப்படி என்பதாலா, எனக்காகவா என்று ஒரு நாள் கேட்டேன். “எனக்கே தெரியலீங்க” என்றாள். அவள் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். என் கையில் அன்று இருந்ததும் என் மிளகா, அவளுக்காக நான் எடுத்ததா என்று எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.