மில் சுவரில் வரைந்த வீடு

நான் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமைகளில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கும் இளைஞர்களைக் கூட்டிவைத்து வரையச் சொல்லிக்கொடுப்பேன். "சோத்துக்கு இல்லாதவனுக்குப் படம் ஒரு கேடா?" என்று என் அண்ணனே கேட்டார். அந்தக் கோபத்தில் ரொம்ப நாள் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

வந்தவர்களில் ஒருவன்தான் நிலைத்தான். இருபது வயது இருக்கும். அப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டபோது வீட்டைவிட்டு வந்தவன். மானாம்பதி சாலையில் ஒரு ரைஸ் மில் முதலாளி தன் காம்பவுண்டு சுவரை எங்களுக்கு விட்டார். "நல்லா பண்ணி முடி. வாட்ச்மேன் ரூமு காலியாதான் கீது, முடிச்சதும் தங்கிக்க" என்று அவனிடம் சொன்னார். அதற்கப்புறம் அவனைச் சாப்பிடக் கூப்பிடுவதே பெரும்பாடாகிவிட்டது.

அவன் வரைந்தது ஒரு வீட்டின் உட்புறம். அடுப்பில் குக்கர், கொடியில் துணி, கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புச் சட்டை. ஆள் யாரையும் காணோம். எங்கே என்று கேட்டேன். "எல்லாரும் உள்ள தூங்கிக்கினு கீறாங்க டீச்சர்" என்றான். பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தேர்தல் வந்தது. கட்சிக்காரர்கள் சுவரின் நான்கு மூலையிலும் கட்சிப் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். எழுதிவிட்டால் சுவர் அவர்களுடையது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தேர்தல் நடத்திய ஊர் என்று பீற்றிக்கொள்ளும் எங்களுக்கு, சுவர் விஷயத்தில் மட்டும் ஓட்டு கிடையாது. முதலாளியிடம் சண்டைக்குப் போனேன்.

"இன்னா டீச்சர் பண்றது? தொழில் பண்ணிக்கினு கீறேன். இவங்கள பகைச்சிக்கினா பேஜார்" என்றார்.

நான் வெளியே வருவதற்குள் அவன் வெள்ளையடிக்கத் தொடங்கியிருந்தான். எழுத ஆள் கிடைக்காமல் கட்சிக்காரர்கள் அவனையே பிடித்துவிட்டார்கள். பிரஷ்ஷைப் பிடுங்கப் போனேன்.

"வுடுங்க டீச்சர். இத முடிச்சா இன்னிக்கே ரூமு சாவி தரேன்னு மொதலாளி சொல்லிக்கீறாரு."

குக்கர் போயிற்று. கொடி போயிற்று. கறுப்புச் சட்டை மட்டும் வெள்ளையை மீறித் தெரிந்தது. அதன்மேல் இன்னொரு தடவை அடித்தான். பிறகு வேட்பாளர் பெயரை அத்தனை அழகாக எழுதினான். நான் பழக்கிய கை.

சாயங்காலம் கட்சி வேன் வந்தது. கொடிக்கம்புகளையும் போஸ்டர் கட்டுகளையும் வாட்ச்மேன் அறையில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கியதும் அவன்தான். கதவைச் சாத்தவே தோளால் முட்ட வேண்டியிருந்தது. முதலாளி பூட்டைப் போட்டுவிட்டு, "எலக்‌ஷன் முடியட்டும்பா, பாக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவனோடு நடந்தேன். வேறு சுவர் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டு வந்தேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. அவன் விரலில் ஒட்டிய வெள்ளையைச் சுரண்டிக்கொண்டே வந்தான்.

"அந்த வேனு நாளைக்கி வந்திருக்கலாம் டீச்சர்" என்றான். "இன்னிக்கி ஒரு ராத்திரியாவது உள்ள படுத்திருப்பேன்."