பாதி ஆட்டத்தில் எழுந்து போகிறவர்

துபாயில் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய லெப்பைக்குடிகாட்டுக் காதர் பாட்சா, பெரம்பலூர் பிரௌசிங் சென்டரில் தினமும் இணையத்தில் சதுரங்கம் ஆடுவார். அவர் இறந்த மறுவாரம் மகள் ஹுமா அங்கே போய், அந்தத் தளத்தில் அத்தாவின் பெயரைத் தேடினாள். எதிர்த்து ஆடிய ஒருவன் அவர் பக்கத்தின் கீழே கருத்து எழுதியிருந்தான்: ‘திருடன். சாயங்காலம் பாதி ஆட்டத்தில் காணாமல் போவான். திரும்பி வந்து மிகச் சரியாகக் காய் நகர்த்துவான். கம்ப்யூட்டரைக் கேட்டு ஆடுகிறான்.’

கணினி படித்த ஹுமாவுக்கும் சந்தேகம் தட்டியது. கடைக்காரர் இலியாஸிடம் கேட்டாள்.

“சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னா எந்திரிச்சு பள்ளிவாசலுக்குப் போயிடுவாரும்மா. ‘மாமு, ராஜா மாட்டிக்கிட்டாரு’ன்னு கத்துவேன். ‘தொழுதுட்டு வந்து காப்பாத்துறேன்டா’ம்பாரு.”

ஹுமா புதுக் கணக்கு தொடங்கி எழுதினாள்: ‘அவர் தொழத்தான் போனார். ஏமாற்றவில்லை.’ இறந்துவிட்டார் என்று எழுதக் கை வரவில்லை.

சற்று நேரத்தில் பதில் வந்தது: ‘புதுப் பெயர், பழைய ஆள். நீதானே அது?’

திருடன் என்ற பட்டம் அப்படியே இருந்தது. ஆனால் அத்தா உயிரோடு இருப்பதாக ஒருவன் நம்புகிறான். ஹுமா ‘இல்லை’ என்று அடித்தாள். அனுப்பாமல் அழித்தாள்.