எஸ்தர் அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

டாக்டர் எஸ்தர் காலமான செய்தியை அவருடைய தம்பிதான் தொலைபேசியில் சொன்னார். ராணுவத்தில் இருந்தவர், சுருக்கமாகப் பேசினார். "அக்கா காலையில போயிட்டாவ. ஊருக்கு, செட்டியார்பட்டிக்குக் கொண்டு போறோம், வந்திருங்க."

நம் உடலின் செல்கள் அனைத்திலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். அதில் எது இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை மரபணுக்களின்மேல் ஒட்டியிருக்கும் வேதிக் குறிகள் தீர்மானிக்கின்றன. அந்தக் குறிகளைப் படிப்பதிலேயே அக்காவின் வாழ்க்கை கழிந்தது. பஞ்சுத் தூசி அவற்றை மாற்றுகிறதா என்று அறிய, ராஜபாளையத்தில் நூற்பாலைப் பெண்களிடம் ரத்தம் எடுத்தோம். நான் தேவதானத்துக்காரன், அவருடைய பெங்களூர் ஆய்வகத்தில் உதவியாளன்.

"ஏட்டி, அம்புட்டு ரத்தத்தையும் வச்சு என்ன செய்யப் போற?" என்று இருமலுக்கிடையே கேட்டார் செல்லம்மா என்ற தொழிலாளி.

"தூசி உள்ள போயி எந்த ஜீனை வாயடைக்குன்னு பாக்கேன், சித்தி" என்றார் அக்கா.

தூசி குறிகளை மாற்றுகிறது என்று கட்டுரை வந்தது. அக்காவைப் பல ஊர்களுக்கு அழைத்தார்கள். மறு ஆண்டு அவரே ரத்த மாதிரிகளை மீண்டும் சோதித்தபோது, ஒரு பெட்டியில் குப்பிகளின் பெயர்ச் சீட்டுகள் மாறியிருந்தது தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எடுத்திருந்த, ஆலைக்கே போகாத பெண்களின் ரத்தம் ஆலைப் பெண்களுடையதாகக் கணக்கில் சேர்ந்திருந்தது. சீட்டு ஒட்டியவன் நான்.

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க அக்கா" என்றேன்.

"செல்லம்மா சித்தி நாம சொன்னத நம்பிட்டிருக்காவலே" என்றார். கட்டுரையைத் திரும்பப் பெற்றார். தவறு தன்னுடையது என்று எழுதினார். "நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. என் பேருல இருக்கட்டும்." நான் மறுக்கவில்லை.

ஆய்வுக்கு வந்த நிதியுதவி நின்றது, ஆய்வகத்தை மூடினார்கள். நான் வேறொரு ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டேன். அவர் ஊருக்குத் திரும்பி, ரத்தம் கொடுத்த ஒவ்வொரு பெண்ணையும் தேடிப் போய், சீட்டு மாறிவிட்டது, சொன்னது தப்பு என்று சொன்னார். சிலர் ஏசினார்கள். மறுபடியும் ரத்தம் கேட்டபோது பெரும்பாலோர் மறுத்துவிட்டார்கள். தூசி என்ன செய்கிறது என்ற கேள்விக்குக் கடைசிவரை விடை கிடைக்கவில்லை.

பிறகு ரத்தப் புற்றுநோய் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் பகுதியில் அவர் இருந்த வாடகை வீட்டில் கடைசியாகப் பார்த்தேன். "எந்த ஜீன் அடங்காம ஆடுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும்லே. தெரிஞ்சு என்ன செய்ய?" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கேட்காமலே திரும்பினேன்.

கல்லறைத் தோட்டத்தில் செல்லம்மா என் அருகே வந்தார். "எம்புட்டு கவனமான பிள்ளை! அவளா சீட்ட மாத்தி ஒட்டுனா?"

"இல்லம்மா. நான்தான்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நகர்ந்துவிட்டார்.

அக்காவை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதையே இந்த அஞ்சலிக் குறிப்பில் எழுதுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தத் தவறு ஒன்றைத்தான். இனி அது என் பேரில் இருக்கட்டும்.